உப்புப் பார்க்காத சமையலறை

அத்தியாயம் பதினொன்று

ஈஸ்வரி மச்சாள் கந்தசஷ்டி பிடித்தால் வீடு முழுவதும் விரதம் பிடித்த மாதிரித்தான். மச்சாளுக்குப் பகலில் தண்ணீர், இரவில் பாலும் பழமும். மற்றவர்களுக்குச் சத்தம் குறைந்த தொலைக்காட்சி, சத்தம் குறைந்த சிரிப்பு, சத்தமே இல்லாத சண்டை.

விரதத்தின் மூன்றாம் நாள் காலையில் சாம்பவிக்கு ஒரு சண்டை பிடிக்க வேண்டியிருந்தது. அதுவும் மச்சாளோடு. அதுவும் நிலையத்தைச் சோதிக்கத் தொழிற்கல்வி ஆணைக்குழுவிலிருந்து மதிப்பீட்டாளர் வந்து இறங்குவதற்கு முன்.

வெள்ளவத்தையில், காலி வீதியை விட்டுக் கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையில் அவர்களுடைய கட்டடம். கீழே சமையற்கலைப் பயிற்சி நிலையம், மேலே வீடு. ஈஸ்வரி மச்சாள் சாம்பவியின் கணவன் ஜனாவின் மூத்த அக்கா. ஜெகதீஸ்வரி என்ற முழுப்பெயர் வாசல் பலகையில் மட்டும்தான் இருந்தது. கோயில் அன்னதானத்துக்கும் விரதச் சாப்பாட்டு ஓடர்களுக்கும் சமைத்தே தம்பியைப் படிப்பித்தவர். பிறகு, தனக்குத் தெரிந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். ஜனா அலுவலகத்தைப் பார்த்தான். ஆடைத் தொழிற்சாலையொன்றின் தரப்பிரிவில் இருந்த சாம்பவி அந்த வேலையை விட்டுவிட்டு இங்கே தரப் பொறுப்பாளராக வந்தாள். அவள் வந்த அன்று மச்சாள் சொன்னது இன்றைக்கும் வீட்டில் பகிடியாக உலாவுகிறது.

"பொத்தான் எண்ணினவ இனி என்ர புட்டு எண்ணப் போறா."

ஆனால் அந்தப் பொத்தான் எண்ணினவள்தான் அடுப்புக்கு அடுப்பு பாதுகாப்பு முறை எழுதினாள். கத்தி எங்கே வைப்பது, பச்சை மீன் எந்தப் பலகையில் வெட்டுவது, பிள்ளை ஒன்று பிழைவிட்டால் மறுபடி எப்படிப் பழக்குவது என்று எல்லாவற்றுக்கும் ஒரு ஒழுங்கு கொண்டுவந்தாள். அதன் பலனாக இந்த வருடம்தான் நிலையத்துக்கு அந்த அங்கீகாரம் கிடைத்தது. தங்கள் மாணவரைத் தாங்களே மதிப்பிட்டுத் தேசியச் சான்றிதழுக்குப் பரிந்துரைக்கலாம். முதல் அணியின் மதிப்பீடும் முடிந்துவிட்டது. மச்சாள் மதிப்பிட்டு ஒப்பமிட்டார். சாம்பவி சரிபார்த்து ஒப்பமிட்டாள். ஜனா ஒழுங்கை முழுவதும் கேட்கிற மாதிரிச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் போன வாரம் கல்கிசையிலிருந்து ஒரு தொலைபேசி வந்தது.

முதல் அணியின் ஜிந்துப்பிட்டிப் பிள்ளை நிஷாந்தி தொழிலனுபவத்துக்காகப் போயிருந்த ஹோட்டலின் தலைமைச் சமையற்காரர் பேசினார். பிள்ளை கெட்டிக்காரி. வெட்டு, துப்புரவு, நேரம், ஒன்றிலும் குறை இல்லை. முதலாம் திகதியே வேலைக்கு எடுக்க விருப்பம், சான்றிதழைக் கொண்டுவரட்டும். ஒரே ஒரு விஷயம். சூப்போ கறியோ, ஒருநாளும் வாயில் வைத்துப் பார்க்காமல் மேசைக்கு அனுப்புகிறாள். கேட்டால், எங்கள் மிஸ் அப்படித்தான் பழக்கினார் என்கிறாள்.

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, வேடிக்கையாகத்தான் சொன்னார். சாம்பவிக்குத்தான் அன்றிரவு சோறு இறங்கவில்லை.

நேற்று அவள் பயிற்சிச் சமையலறையின் பின்சுவரோடு நின்று வேறு ஒன்றையும் பார்க்காமல் பிள்ளைகளின் வாயை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். பருப்புக் கொதித்தது. குழம்பு தடித்தது. சோஸ் ஒன்று தயாரானது. ஒரு கரண்டிகூட ஒரு வாய்க்கும் போகவில்லை. எல்லாம் இறக்கினதும் முதல் கரண்டி வாசலோரத்து முருகன் படத்துக்கு முன்னால் போனது. அதற்குப் பிறகுதான் மனிதர் நாக்கு.

தேசியத் தரத்தில் அது தனி விதியாகவே இருந்தது: துப்புரவான கரண்டியால் சுவை பார்த்து, தேவைக்கேற்பச் சரிசெய்தல். எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த இடத்தில் 'தேர்ச்சி' என்று விழுந்திருந்தது.

---

"இஞ்ச பாரும்," என்றான் ஜனா, ஷேர்ட் கையை மடித்துக்கொண்டே. "இது ஒரு பெரிய விஷயமே? இண்டைக்கு மட்டும் பிள்ளையளைக் கரண்டியை வாயில வைக்கச் சொல்லுவம். அந்தாள் பார்த்திட்டுப் போகட்டும். வாற கிழமை ஆறுதலா பழக்குவம்."

"பழக்காததைப் பழக்கினது எண்டு எழுதியிருக்கிறம் ஜனா."

"அக்காட பிள்ளையள் வைச்ச கறியில குறை கண்டவை ஆர்? சொல்லும் பாப்பம்."

"கறியில குறை இல்லை."

"பிறகென்ன?"

"கறிக்கு நாங்கள் சான்றிதழ் குடுக்கேல்லை. பிள்ளையளுக்குத்தான் குடுக்கிறம்."

ஜனா மற்றக் கையையும் மடித்து முடித்தான். "நீர் இப்பவும் அந்த ஃபெக்டரியிலதான் நிக்கிறீர். அங்க ஒரு கட்டுச் சட்டையைத் திருப்பி அனுப்பலாம். இஞ்ச அக்காவைத் திருப்பி அனுப்பேலாது."

அவன் படியிறங்கிப் போய்விட்டான். சாம்பவி தேநீரை ஆறவிட்டு இருந்தாள்.

அவளுக்குத் தன்னைப் பற்றியே ஒரு சந்தேகம் இருந்தது. பிழையைக் கண்டுபிடித்த அந்தக் கணத்தில், நேற்று அந்தப் பின்சுவரோடு நின்றபோது, உள்ளே எங்கேயோ ஒரு சின்ன இனிப்பு ஊறியது உண்மை. நான் கண்டேன், வேறு ஒருவரும் காணவில்லை என்ற இனிப்பு. பொத்தான் பகிடிக்கு இத்தனை காலம் கழித்து ஒரு பதில் கிடைத்தது மாதிரி. நேர்மை என்று தான் நினைப்பதில் எவ்வளவு பங்கு நேர்மை, எவ்வளவு பங்கு அந்தப் பதில்? அதைப் பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை. அரிசியும் கல்லும் மாதிரி இருந்தால் புடைத்துவிடலாம். இது பாலும் தண்ணீருமாக இருந்தது.

இனிப்பு நேற்று இரவோடு கரைந்துவிட்டது. இன்று காலையில் மிச்சமிருந்தது நிஷாந்தியின் முகம் மட்டும்தான். கல்கிசையின் பெரிய சமையலறையில், பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, தனக்குச் சொல்லிக்கொடுக்காத ஒன்றைத் தெரிந்தவளாக நிற்கப்போகிற முகம்.

---

மச்சாள் குளித்து, திருநீறு பூசி, ஈரத் தலையைத் துவாயால் சுற்றியபடி பயிற்சிச் சமையலறையில் நின்றார். அடுப்புகளை ஒவ்வொன்றாகப் பற்றவைத்துப் பார்த்து அணைத்தார். வெறும் வயிற்றோடு மூன்றாம் நாள். ஆனாலும் ஒரு அடுப்பையும் தவறவிடவில்லை.

சாம்பவி கதவைச் சாத்தினாள். சுற்றி வளைக்கத் தெரியாதவள், நேரே சொன்னாள்.

மச்சாள் கடைசி வரைக்கும் கேட்டார். பிறகு துவாயை அவிழ்த்து உதறினார்.

"சட்டி இறக்க முதல் வாயில வைக்கிறதோ? சுவாமிக்கு எச்சிலைப் படைக்கச் சொல்லுறீரோ?"

"சுவாமிக்கு இல்லை மச்சாள். இந்தப் பிள்ளையள் ஹோட்டலுக்குத்தான் போகப் போகினம்."

"இத்தினை வருசம் எத்தினை கோயிலுக்குச் சமைச்சனான். ஆயிரம் பேர் பந்தியில இருந்தாலும் ஒருத்தராவது உப்புக் கேட்டதுண்டோ? ஆவியை மணந்தே எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரியும்."

"அப்ப?"

"பிள்ளையளுக்குத் தெரியுமோ எண்டதுதான் கேள்வி."

மச்சாளின் முகம் இறுகியது. கோபம் என்றால் சாம்பவி தாங்கியிருப்பாள். அது கோபம் இல்லை. யாரோ தன்னுடைய வீட்டுக்குள் வந்து, தனக்கே தெரியாத ஓர் அறையைத் திறந்து காட்டிவிட்ட மாதிரியான திகைப்பு.

"சரி. நான்தான் பிழை. கோயில் சமையல்காரி, எனக்கு என்ன தெரியும்?" என்றார் மச்சாள். "நீர் பொத்தான்ல நூல் தொங்கினாலே காணுற ஆள். மதிப்பீடு நடக்கேக்க இந்தா, இதே சுவரோடதானே நிண்டனீர்? நீர் ஏன் காணேல்லை?"

இந்தக் கேள்விதான் சாம்பவியை நேற்றிலிருந்து தின்றது.

"நானும் உங்கட வீட்டிலதானே சமைக்கிறன், மச்சாள்," என்றாள். "கலியாணம் கட்டி வந்த நாளில இருந்து நானும் படைக்க முதல் வாயில வைச்சதில்லை. எங்கட அம்மாவும் வைக்கமாட்டா. பிள்ளையள் வாயில வைக்காததைப் பார்த்தனான். பார்த்தும் எனக்கு அது ஒண்டும் குறைஞ்ச மாதிரித் தெரியேல்லை. அதுதான் என்ர பிழை."

வெளியே ரயில் ஒன்று கடலோரத் தண்டவாளத்தில் ஓடியது. அது போய் முடியும்வரை இருவரும் பேசாமல் நிற்பது அந்த வீட்டுப் பழக்கம். இன்று ரயில் போன பிறகும் நின்றார்கள்.

"அந்தாள் வந்ததும் சொல்லப் போறீரோ?" மச்சாள் கேட்டார்.

"நீங்கள் ஓம் எண்டால்தான் எனக்குச் சொல்ல மனம் வரும்."

"ஓம் எண்டு நான் சொல்லேல்லை."

மச்சாள் கதவைத் திறந்துகொண்டு போனார்.

---

ஆணைக்குழு மதிப்பீட்டாளர் ரொஷான் சரியான நேரத்துக்கு வந்துவிட்டார். நடுத்தர வயது, மெலிந்த உடம்பு, நெஞ்சுப் பைக்குள் மூன்று நிறப் பேனைகள். தேநீர் வேண்டாம் என்றார், வடை வேண்டாம் என்றார். "முதல்ல கிச்சன்," என்றார், அவ்வளவுதான்.

ஜனா சிங்களத்தில் சரளமாகப் பேசியபடி அவரை உள்ளே அழைத்து வந்தான். பின்னால் வந்த சாம்பவி வாசலில் ஒரு கணம் நின்றுவிட்டாள்.

ஒவ்வொரு அடுப்பின் பக்கத்திலும் ஒரு கண்ணாடிக் குவளையில் பளபளக்கும் சிறு கரண்டிகள். நேற்றுவரை அந்த இடத்தில் அவை இல்லை. ஜனா அவளைப் பார்க்காமல் சுவரிலிருந்த அவசர வெளியேற்ற வரைபடத்தை மிகவும் அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தான்.

பிள்ளைகள் வெள்ளைத் தொப்பியோடு நின்றார்கள். நஸ்லா மட்டும் அருகில் வந்து கிசுகிசுத்தாள்.

"மிஸ், ஜனா சேர் ஸ்பூன வாய்ல வைக்கச் சொன்னார். எங்கட உம்மா நோன்பு நேரத்துலயும் கறி ஆணத்த நாக்கு நுனியில வெச்சுப் பார்த்துட்டுத் துப்பிருவா. எனக்குப் பிரச்சின இல்ல. நிஷாந்திதான் கரண்டியத் தொடவே பயப்படுறா."

"உம்ம இடத்துக்குப் போம், நஸ்லா," என்றாள் சாம்பவி. குரல் தன்னுடையது மாதிரி இல்லை.

மரக்கறி சூப். விரத நாள் என்பதால் மச்சாள் அதைத்தான் தேர்ந்திருந்தார். பிள்ளைகள் வெட்டினார்கள். கரட்டும் லீக்ஸும் ஒரே அளவாக விழுந்தன. ரொஷானின் பச்சைப் பேனை வேலைசெய்தது. பலகை நிறம் சரி, கை கழுவுதல் சரி, வாயுக் குழாய் சரி. சாம்பவி எழுதிய ஒவ்வோர் ஒழுங்கும் அந்தச் சமையலறையில் கண்முன்னே நடமாடியது. வேறு ஒரு நாளாக இருந்தால் அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்திருக்கும்.

ரொஷான் நிஷாந்தியின் அடுப்பருகே வந்து நின்றார். சூப் கொதித்து வந்தது.

நிஷாந்தி குவளையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்தாள். கோயில் உண்டியலில் கை வைக்கிறவள் மாதிரி மச்சாள் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். மச்சாள் கண்ணை எடுக்கவில்லை. நிஷாந்தி கரண்டியைச் சூப்பில் விட்டு, வாயில் வைத்து, கண்ணை மூடித் திறந்தாள்.

"நல்லா இருக்கு சேர்."

ரொஷான் தானும் ஒரு கரண்டி எடுத்துப் பார்த்தார். "லுணு மதி," என்றார் சாதாரணமாக. பிறகு தமிழில், "உப்பு காணாது. இல்லையா?"

நிஷாந்தி மறுபடி பார்த்தாள். மறுபடி அதே முகம். "தெரியல சேர்," என்றாள் மெதுவாக. "எந்த அளவு இருந்தா சரின்னு... வாய்ல வச்சு பார்த்து எனக்குப் பழக்கம் இல்ல."

ஜனா சட்டென்று சிரித்தான். "டென்ஷன், சேர். பிள்ளைக்கு டென்ஷன்."

சாம்பவி ரொஷானின் அருகே போனாள். சொன்னால் மச்சாளின் இத்தனை வருடப் பெயர் போகும். சொல்லாவிட்டால் இந்தப் பிள்ளை பொய்க்காரி, அல்லது முட்டாள். இரண்டில் ஒன்று ரொஷானின் தாளில் எழுதப்படும். அந்தப் பெயரைச் சுமக்கப்போகிறவள் நிஷாந்தி. நேற்றிலிருந்து போட்ட கணக்கெல்லாம் இப்போது ஒரே வரியில் முடிந்துவிட்டது.

"டென்ஷன் இல்லை, சேர்," என்றாள். "இந்தக் கரண்டியள் இண்டைக்குக் காலையிலதான் இஞ்ச வந்தது. நாங்கள் பிள்ளையளுக்கு இதைப் பழக்கவே இல்லை. பழக்கினது எண்டு தேர்ச்சி போட்டிருக்கிறம். சரிபார்த்து ஒப்பம் வைச்சது நான்."

அதையே உடைந்த சிங்களத்தில் இன்னொரு தடவை சொன்னாள். தனக்கு வாய் தடுமாறுவதையும் குரல் தடுமாறாததையும் அவளே கவனித்தாள்.

சூப் மட்டும் கொதித்தது. ரொஷான் மச்சாளைப் பார்த்தார். ஜனாவும் பார்த்தான். மச்சாள் 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்தப் பெண் வெளியிலிருந்து வந்தவள், அதிகம் பதறுகிறவள் என்று ஆகிவிடும். அப்படி ஒரு வழி திறந்திருப்பது மச்சாளுக்கும் தெரிந்தது.

மச்சாள் நடந்து நிஷாந்தியின் அடுப்பருகே வந்தார். குனிந்தார். ஆவியை மணந்தார். எல்லோரும் எத்தனையோ தடவை பார்த்த அதே குனிவு.

"உப்புக் குறைவுதான்," என்றார். "கொதி தொடங்கேக்கயே எனக்குத் தெரிஞ்சது. அங்க நிண்டே தெரிஞ்சது."

பிறகு நிஷாந்தியின் பக்கம் திரும்பினார்.

"உமக்கு ஏன் தெரியேல்லை எண்டு இப்பதான் விளங்குது, பிள்ளை. எனக்கு மணத்தில தெரியுது. அதை உமக்குத் தரேலாது. தரக்கூடியது கரண்டியால பார்க்கிறது. அதை நான் தரேல்லை."

ரொஷானைப் பார்த்து, தன் மெதுவான, திருத்தமான சிங்களத்தில் மச்சாள் சொன்னார். தான் விரதச் சமையலில் வளர்ந்ததால் சுவை பார்க்கும் பழக்கம் தனக்கு இல்லை. முடிவில் கறி சரியாக வந்ததால் பிள்ளைகளும் சரி என்று எண்ணித் தேர்ச்சி போட்டுவிட்டார். விரத நாட்களில் சமைத்ததில் ஒரு சொட்டும் தன் நாக்கில் வைக்கமுடியாது, வைக்கவும் மாட்டார். ஆகவே சுவை பார்த்து மதிப்பிட இப்போது தனக்குத் தகுதி இல்லை.

அழாமல், கெஞ்சாமல், மன்னிப்புக் கேட்கும் பாவனைகூட இல்லாமல் சொன்னார். நேரசூசியில் ஒரு மாற்றம் அறிவிப்பது மாதிரி.

இந்த மனிசியின் வீட்டுக்கு நான் வாழ வந்தேன் என்று சாம்பவி நினைத்தாள். அந்த நினைவில் இம்முறை தண்ணீர் கலக்கவில்லை.

---

அலுவலக அறையில் ரொஷான் சிவப்புப் பேனையை எடுத்தார்.

"இது சின்னது இல்லை," என்றார் தமிழில், சொல் தேடித் தேடி. "பெரிய குறைபாடு. நான் அப்படித்தான் எழுதுவேன்."

"எழுதுங்கோ," என்றார் மச்சாள்.

"முழு அணிக்கும் சான்றிதழ் நிறுத்தம். திரும்பப் பழக்கணும். திரும்ப மதிப்பீடு. அது வெளி ஆள் செய்யணும், குடும்பத்து ஆள் இல்லை. மேடம், நீங்க மதிப்பீட்டாளர் வேலை இப்ப செய்ய இயலாது. திருத்தப் பயிற்சி எடுக்கணும்."

"எடுக்கிறன்."

"அங்கீகாரம்?" ஜனா கேட்டான். வாய் உலர்ந்திருந்தது.

ரொஷான் சிவப்பை மூடிவிட்டுப் பச்சையைத் திறந்தார். "உங்க உள் சரிபார்ப்பு வேலை செய்யுது. அது நல்லது. சான்றிதழ் வேலை சரியில்லை. அது நல்லது இல்லை. ரெண்டையும் எழுதுறேன். ஆணைக்குழு முடிவு சொல்லும்."

எழுந்தவர் வாசலில் நின்று மச்சாளிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். மச்சாள் அன்று முதன்முறையாகச் சிரித்தார்.

"என்னவாம்?" ஜனா கேட்டான்.

"அவற்ற மனிசி பருப்பு வைக்கேக்க ஃபோன் எடுத்தா, மணத்தில உப்புச் சொல்ல ஏலுமோ எண்டு கேக்கிறார். ஃபோன்ல மணக்காது எண்டன்."

ரொஷான் போனதும் ஜனா கதிரையில் சரிந்தான். சாம்பவியை நோக்கி, "சந்தோசமே இப்ப?" என்றான்.

அவள் பதில் சொல்ல வாயெடுக்கும் முன் மச்சாள் திரும்பினார்.

"ஜனா, ஆற்ற யோசனை அந்தக் கரண்டி?"

அவன் மேசையிலிருந்த தாள்களை அடுக்கத் தொடங்கினான்.

"பழக்காத பிள்ளையின்ர கையில கரண்டியைக் குடுத்து அந்தாளுக்கு முன்னால நிப்பாட்டினனீ. நிஷாந்தி தலை குனிஞ்சதைப் பார்த்தனியோ? நான் பார்த்தனான்." மச்சாள் குரலை உயர்த்தவில்லை; விரதத்தில் உயர்த்தமாட்டார். "இவ சொல்லாட்டி நான் வாய் திறந்திருப்பனோ தெரியாது. காலையில கேக்கேக்க ஓம் எண்டு சொல்லேல்லை. ஆனாலும் சொன்னா. என்ர கையெழுத்துக்குப் பக்கத்தில இப்பிடி ஒருத்தியின்ர கையெழுத்துக் கிடக்கிறது எனக்குப் பெருமை. விளங்குதோ?"

ஜனா நிலத்தைப் பார்த்தான். "விளங்குது அக்கா," என்றான். பிறகு, யாரிடம் என்று தெரியாமல், "நான் பயந்திட்டன்," என்றான். சாம்பவி அவன் தோளில் கை வைத்தாள். அவன் அதைத் தட்டிவிடவில்லை. பிடிக்கவும் இல்லை.

---

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது மிச்சம் இருந்தது.

"நான் சொல்லுறன், மச்சாள்," என்றாள் சாம்பவி. "நீங்கள் காலையில இருந்து நிக்கிறீங்கள். போய் இருங்கோ."

"இது தரப்பிரிவு வேலை இல்லை," என்றார் மச்சாள். "டீச்சர் வேலை."

வகுப்பறையில் பிள்ளைகள் தொப்பிகளைக் கழற்றிவிட்டு இருந்தார்கள். மச்சாள் உட்காரவில்லை. மேசையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். சான்றிதழ் இப்போது வராது. மறுபடி பழகவேண்டும். மறுபடி மதிப்பீடு, வேறு ஒருவர் செய்வார்.

ஒரு பிள்ளை விசும்பியது. நஸ்லா பேனையை மூடி மூடித் திறந்தாள். நிஷாந்தி எழுந்து நின்றாள். ஹோட்டலுக்கு முதலாம் திகதி போகவேண்டியவள்.

"மிஸ், அப்ப இவ்வளவு நாளும் நாங்க சமைச்சதெல்லாம் பிழையா?"

"சமையல் பிழையில்லை. அதைப் பார்த்திட்டு நான் வைச்ச ஒப்பம்தான் பிழை."

"எனக்கு வேலை போயிரும் மிஸ்."

"ஓம். போகலாம்." மச்சாள் அந்தச் சொல்லை மெல்லாமல் விழுங்காமல் அப்படியே வைத்தார். "நான் அந்த செஃப்போட கதைக்கிறன். அவர் பொறுப்பார் எண்டு உமக்கு நான் வாக்குத் தரமாட்டன். பொய் வாக்கு இனி இந்த வகுப்பில இல்லை. பொறுக்காட்டி, இதைவிடப் பலமான கையோட வேற சமையலறைக்குப் போவீர். அதுவரைக்கும் நானும் உம்மோடதான் பழகுவன். விரதம் முடியட்டும், நானும் கரண்டி எடுக்கிறன்."

பிள்ளைகளுக்குள் ஒரு அசைவு. யாரோ ஒருத்தி, நம்பமுடியாமல், "மிஸ்ஸும் டெஸ்ட் எழுதுவீங்களா?" என்று கேட்டாள்.

"எழுதுவன். ஃபெயில் விட்டா சிரிக்கப்படாது."

சிரித்தார்கள். விசும்பிய பிள்ளையும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தது. நிஷாந்தி மட்டும் சிரிக்காமல் கைத்தொலைபேசியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தாள். சாம்பவி அதைக் கவனித்தாள். கவனிப்பது அவள் தொழில்.

அன்று பின்னேரம் சாம்பவி அலுவலகத்துக்குத் திரும்பும்போது மழை பிடித்துவிட்டது. ஐப்பசி மழை, ஒழுங்கையை நிமிடத்தில் வாய்க்காலாக்கும் மழை. வாசற்படியில் ஒருவர் நனைந்தபடி நின்றார். மருதானைப் பட்டறை ஒன்றின் நீலச் சட்டை, கையில் கழுவியும் போகாத கிறீஸ் கறுப்பு. நிஷாந்தியின் அப்பா அழகுமுத்து. மகள் தொலைபேசியில் சொன்னதும் அரைநாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறியிருக்கிறார்.

"உள்ள வாங்கோ அண்ணை, நனையிறியள்," என்றாள் சாம்பவி.

"பரவாயில்லீங்க. நிக்கிறேன்." அவர் மரியாதையாகத்தான் பேசினார். அது அவளுக்கு ஏச்சைவிடக் கனமாக இருந்தது. "எங்க தெரு முழுக்கச் சொல்லிட்டேன்ங்க, பெரிய ஹோட்டல்ல மகளுக்கு வேலைன்னு. கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு இடம் இருக்காம். இங்க படிச்சதைக் காட்டினா ஒரே வாரத்துல சர்ட்டிபிகேட் எடுத்துத் தாறாங்களாம். புள்ளயக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."

சாம்பவிக்குப் பதில் தெரியும். ஒரு வாரத்தில் தருகிற சான்றிதழ் எப்படிப்பட்டது என்று விதி விதியாகச் சொல்லலாம். ஆனால் இந்த மனிதரின் நனைந்த முகத்துக்கு முன் அந்த விதிகளில் ஒன்றுக்கும் குரல் வரவில்லை. சரியானதைச் செய்தவர்கள் உள்ளே பெருமையோடு இருக்கிறார்கள். அதற்கு விலை கொடுக்கப்போகிறவர் படியில் நிற்கிறார். இரண்டும் உண்மை என்பதை அவள் எந்தத் தர அறிக்கையிலும் எழுதியதில்லை.

பின்னால் வகுப்பறைக் கதவு திறந்தது. நிஷாந்தி பையைத் தோளில் மாட்டியபடி வந்து, அப்பாவுக்கும் சாம்பவிக்கும் நடுவில் நின்றுவிட்டாள். அப்பாவிடம் போகவும் இல்லை, திரும்பவும் இல்லை.

"அப்பா," என்றாள்.

மச்சாளும் வந்துவிட்டார். மூன்று நாள் பட்டினியில் முகம் வெளுத்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார். சாம்பவி கை கொடுக்கப் போனாள். மச்சாள் அந்தக் கையைப் பிடித்து, ஒரு தரம் அழுத்தி, விட்டார். பிறகு ஒரு கதிரையைத் தானே இழுத்து அழகுமுத்துவுக்கு முன்னால் வைத்தார். இன்னொன்றைத் தனக்கு எதிரே போட்டார்.

"இருங்கோ," என்றார். "உங்கட பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போறது உங்கட உரிமை, நான் மறிக்கேலாது. ஆனா நான் என்ன பிழை விட்டனான் எண்டு முதல்ல என்ர வாயால கேளுங்கோ. கேட்டிட்டு முடிவெடுங்கோ."

அழகுமுத்து கதிரையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். தன் ஈரச் சட்டையைப் பார்த்தார்.

பிறகு, மெதுவாக, கதிரையின் விளிம்பில் இருந்தார்.